புதுசா காம்பாக்ட் பிஸ்டல் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

துப்பாக்கி சுடும் பயிற்சி ரேஞ்சுக்குப் புதிதாக வருகிறவர்கள் பக்கத்தில் நின்று உதவுவது எனக்குப் பல வருடப் பழக்கம். கையில் புதுப் பெட்டி, முகத்தில் பாதி சந்தோஷம் பாதி பயம், அப்புறம் அதே பத்துப் பதினைந்து சந்தேகங்கள். வாயால் திரும்பத் திரும்பச் சொன்னதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். முறையாக உரிமம் எடுத்து, தங்கள் பகுதியின் சட்டப்படி வைத்திருப்பவர்களுக்காக எழுதியது. வரிசையாகப் படியுங்கள், பின்னால் உள்ள பதில்கள் முன்னால் சொன்னதை நம்பித்தான் போகின்றன.

காம்பாக்ட்னா சின்ன பிஸ்டல்னு அர்த்தமா?

நடுத்தர அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாக் கம்பெனிகளும் ஒத்துக்கொண்ட அளவு என்று ஒன்றும் கிடையாது, ஆனால் பொதுவாகக் குழல் 4 அங்குலத்தை, அதாவது 100 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். 1988-இல் வந்த கிளாக் 19-ஐ எடுத்துக்கொண்டால் குழல் 102 மில்லிமீட்டர், மேகசினில் (பிடிக்குள் செருகும் தோட்டா டப்பாவில்) 15 தோட்டா. அதற்கு மூத்ததான கிளாக் 17-இல் குழல் 114 மில்லிமீட்டர், தோட்டா 17. வித்தியாசம் 12 மில்லிமீட்டர்தான்.

அந்தக் கொஞ்ச வித்தியாசம் கையில் நன்றாகவே தெரியும். எடை குறைவதால் உதைப்பு கூடும், பிடி குட்டையாவதால் சுண்டுவிரலுக்கு இடம் நெருக்கடியாகும், குறிபார்க்க மேலே முன்னும் பின்னும் இருக்கும் இரண்டு சைட்டுக்கும் நடுவே தூரம் குறைவதால் சின்னத் தப்பும் குறியில் பெரிதாகத் தெரியும். கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு வேர் இந்த மூன்றும்தான்.

பெட்டியைத் திறந்ததும் முதல்ல என்ன செய்யணும்?

காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். கடைக்காரர் உங்கள் கண்முன்னால் பார்த்துத்தான் கொடுத்தார் என்றாலும் பாருங்கள். அப்புறம் கூடவே வரும் கையேட்டை உட்கார்ந்து முழுதாகப் படியுங்கள். கழற்றும் முறை மாடலுக்கு மாடல் மாறும், வேறு பிஸ்டலுக்கான வீடியோவைப் பார்த்துக் கழற்றி ஸ்பிரிங்கை அறை முழுக்கத் தேடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, கழற்றித் துடைப்பது. தொழிற்சாலையில் பூசுவது பெரும்பாலும் துரு பிடிக்காமல் இருக்கப் பூசும் எண்ணெய், ஓடும் பாகங்களுக்கான எண்ணெய் அது இல்லை. குழலின் உள்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். துணித்துண்டோ பிசுக்கோ எதுவும் இருக்கக் கூடாது.

காலியா இருக்கான்னு எப்படி உறுதியா தெரிஞ்சுக்கிறது?

முதலில் மேகசினைக் கழற்ற வேண்டும், அதன் பிறகுதான் ஸ்லைடை, அதாவது முன்னும் பின்னும் ஓடும் மேல்பாகத்தை, இழுக்க வேண்டும். இந்த வரிசை மாறவே கூடாது. ஸ்லைடை முதலில் இழுத்தால் அறையில், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடத்தில், இருந்த தோட்டா வெளியே விழும், கை விட்டதும் மேகசினில் இருந்து அடுத்தது ஏறிக்கொள்ளும். அப்புறம் மேகசினைக் கழற்றினால் பார்ப்பதற்குக் காலி மாதிரியே இருக்கும்.

ஒருநாள் ஒருவர் வரிசையை மாற்றிச் செய்துவிட்டு "காலிதான்" என்று மேஜையில் வைத்தார். கீழே விழுந்த தோட்டாவைக் கண்ணால் பார்த்ததே அவருக்கு அந்த நம்பிக்கையைக் கொடுத்துவிட்டது. நான் எடுத்து, முனையைக் குறிப்பக்கம் வைத்துக்கொண்டு ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்தேன். ஒரு தோட்டா எகிறி மேஜையில் விழுந்து உருண்டு போய் அவருடைய கண்ணாடிப் பெட்டியில் முட்டி நின்றது. அவர் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர், கவனக்குறைவானவர் என்று சொல்லவே முடியாது, வரிசை மட்டும்தான் மாறிப்போனது.

அதனால் மேகசினை எடுங்கள், ஸ்லைடை இரண்டு மூன்று முறை இழுங்கள், பின்னால் பூட்டி நிறுத்துங்கள், அறைக்குள் கண்ணால் பாருங்கள், சுண்டுவிரல் நுனியை விட்டுத் தொட்டும் பாருங்கள். இருட்டில் கண் ஏமாறும், விரல் ஏமாறாது. ஒருவர் கையில் இருந்து வாங்கும்போதும் கொடுக்கும்போதும் இதைச் செய்யுங்கள். "நான் இப்பதான் பார்த்தேன்" என்று அவர் சொன்னாலும் நீங்கள் பார்ப்பதை மரியாதைக் குறைவாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

"நாலு விதி"ன்னு எல்லாரும் சொல்றாங்களே, அது என்ன?

ஜெஃப் கூப்பர் என்ற அமெரிக்கப் பயிற்சியாளர் பரப்பியது. எந்தத் துப்பாக்கியையும் குண்டு ஏறியதாகவே எண்ணு. அழிக்க விரும்பாத எதையும் நோக்கி முனையைத் திருப்பாதே. சைட் குறியில் உட்காரும் வரை விசையில் விரலை வைக்காதே. எதைச் சுடுகிறாய், அதன் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்.

இதில் காம்பாக்ட் வைத்திருப்பவர்கள் அதிகம் தவறுவது இரண்டாவதில். குழல் குட்டை என்பதால் மணிக்கட்டைக் கொஞ்சம் திருப்பினாலே முனை பக்கத்தில் நிற்பவர் மேல் போய்விடும். மேகசின் மாற்றும்போதும் ஸ்லைடு இழுக்கும்போதும் முனை எங்கே பார்க்கிறது என்று வேறு ஒருவரைக் கவனித்துச் சொல்லச் சொல்லுங்கள், நமக்கே தெரியாமல் திரும்பும்.

ஸ்லைடை இழுக்கவே முடியல. எனக்குப் பலம் பத்தலையா?

பலம் போதும், முறைதான் மாற வேண்டும். காம்பாக்டில் ஸ்லைடின் எடை குறைவு, ஓடும் தூரமும் குறைவு, அதை ஈடுகட்ட ஸ்பிரிங்கைக் கெட்டியாகப் போட்டிருப்பார்கள். அதனால் பெரிய பிஸ்டலைவிட இது இறுக்கமாக இருப்பது சகஜம்.

கையை முழுக்க நீட்டி வைத்துக்கொண்டு இரண்டு விரலால் கிள்ளி இழுக்கப் பார்த்தால் யாருக்கும் வராது. பிஸ்டலை மார்புக்குக் கிட்டே கொண்டுவாருங்கள், முனை முன்னாலேயே இருக்கட்டும். இடது உள்ளங்கையை ஸ்லைடின் பின்பக்கம் மேலாகக் கவிழ்த்து நான்கு விரலாலும் பிடியுங்கள். இப்போது ஸ்லைடை இழுப்பதைவிட, வலது கையால் பிடியை முன்னால் தள்ளுங்கள். தள்ளுவதற்கு உடம்பின் வலு வரும். கடைசிவரை இழுத்ததும் சட்டென்று விட்டுவிடுங்கள். கூடவே கையைக் கொண்டுபோய் மெதுவாக விட்டால் தோட்டா பாதியில் நின்றுவிடும்.

சேஃப்டி பட்டனே இல்லையே, இது ஆபத்தில்லையா?

இன்றைய காம்பாக்ட்களில் நிறைய, கையால் போடும் சேஃப்டி இல்லாமல்தான் வருகின்றன. உள்ளே தானாக வேலை செய்யும் தடைகள் உண்டு. தோட்டாவின் பின்பக்கத்தை அடித்து வெடிக்க வைக்கும் ஊசியை மறித்து நிற்கும் ஒரு தடை விசையை இழுத்தால் மட்டும் விலகும், அதனால் தவறிக் கீழே விழுந்தாலும் ஊசி முன்னால் போகாது. பலவற்றில் விசையின் நடுவே குட்டி நாக்கு ஒன்று இருக்கும், விரல் அதை நேராக அழுத்தாமல் விசை நகராது.

ஆனால் இவை எதுவும் உங்கள் விரலைத் தடுக்காது. விசையை எது இழுத்தாலும் சுடும், அது சட்டை நுனியாக இருந்தாலும் சரி, ஜாக்கெட்டின் நாடாவாக இருந்தாலும் சரி. ஆகவே பிஸ்டலைச் செருகி வைக்கும் உறை கெட்டியானதாக, விசைக்காப்பு வளையத்தை முழுக்க மூடுவதாக இருக்க வேண்டும். தொளதொளப்பான துணி உறை வேண்டாம். உறைக்குள் திரும்ப வைக்கும்போது அவசரமே கூடாது, உள்ளே எதுவும் மடங்கிக் கிடக்கிறதா என்று பார்த்து மெதுவாக வையுங்கள். எடுப்பதை வேகமாகப் பழகலாம், வைப்பதை வேகமாகச் செய்ய எந்தக் காரணமும் இல்லை.

தோட்டா இல்லாம விசையை இழுத்துப் பழகலாமா? கெட்டுப் போயிடும்னு பயமா இருக்கு.

9 மி.மீ. மாதிரி, நடுவில் ஊசி அடிக்கும் தோட்டாவுக்கான இன்றைய பிஸ்டல்களில் பொதுவாகப் பயமில்லை, கையேட்டில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். .22 விளிம்புத் தோட்டாப் பிஸ்டலில் வேண்டாம், தோட்டா இல்லாதபோது ஊசி அறையின் விளிம்பில் போய் அடித்து இரண்டும் சேதமாகலாம். நிறையப் பழகுபவர்கள் டம்மி ரவுண்டு (வெடிக்காத போலித் தோட்டா) வாங்கிப் போட்டுக்கொள்ளலாம்.

சொல்லப்போனால் புதுப் பிஸ்டலைத் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. விசையை மெதுவாக அழுத்தினால் முதலில் லேசாக ஓடும், பிறகு ஒரு சுவரில் முட்டியது மாதிரி நிற்கும், அங்கிருந்து இன்னும் அழுத்தினால் டக்கென்று விடும். விசையை அழுத்திப் பிடித்தபடியே ஸ்லைடை ஒருமுறை இழுத்துவிட்டு, பிறகு விசையை மெல்லத் தளர்த்தினால் ஒரு இடத்தில் கிளிக்கென்று விரலுக்குத் தெரியும், அடுத்த தடவைக்கு அதுதான் ஆரம்பம். இந்த நான்கு இடங்களும் கண்ணை மூடினாலும் விரலுக்குத் தெரிகிற அளவு பழகுங்கள். முன் சைட்டின் மேல் ஒரு நாணயத்தை வைத்து, அது விழாமல் விசையை விடப் பாருங்கள்.

நிபந்தனை ஒன்று. பழகும் அறையில் ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது, மேகசினில் இருப்பதும் வேறு அறைக்குப் போக வேண்டும். குறி வைக்கும் சுவர், தப்பித் தவறிச் சுட்டாலும் குண்டைத் தாங்குவதாக இருக்கட்டும். பழகி முடித்ததும் "முடிந்தது" என்று வாய்விட்டுச் சொல்லிப் பெட்டியில் வையுங்கள். "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று தோட்டா ஏற்றிய பிறகு இழுத்ததால் நடந்த விபத்துகள் நிறைய.

கழற்றும்போது விசையை இழுக்கணும்னு போட்டிருக்கே, அது சரியா?

சில மாடல்களில் அப்படித்தான், கிளாக்கும் அதில் ஒன்று. மேலே சொன்ன காலி பார்க்கும் வரிசையை முழுதாக முடித்து, முனையைக் குண்டு தாங்கும் பக்கம் திருப்பிய பிறகு இழுங்கள்.

எண்ணெய் எவ்வளவு விடணும்?

நினைப்பதைவிடக் குறைவாக. ஸ்லைடு ஓடும் தண்டவாளங்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சொட்டு, குழல் ஸ்லைடோடு உரசிப் பளபளப்பான இடங்களில் விரலால் ஒரு பூச்சு. எங்கே தேய்ந்து மினுங்குகிறதோ அங்கே எண்ணெய் வேண்டும் என்று பிஸ்டலே காட்டிக்கொடுக்கும்.

ஊசி ஓடும் துளைக்குள் விடாதீர்கள். அங்கே எண்ணெய் இறங்கினால் கரியும் தூசியும் சேர்ந்து களிம்பாகி ஊசியின் வேகத்தைக் குறைக்கும், தோட்டா வெடிக்காமல் போகும். மேகசினுக்குள்ளும் வேண்டாம், உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

9 எம்எம்னு போட்டிருந்தா எந்தத் தோட்டாவும் ஓகேவா?

இல்லை. குழலில் பொறித்திருப்பதும் தோட்டாப் பெட்டியில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். 9×19, 9 மி.மீ. லூகர், 9 மி.மீ. பாரபெல்லம் மூன்றும் ஒரே தோட்டாவின் பெயர்கள். 9×18 மக்கரோவ் வேறு, .380 என்பது 9×17, அதுவும் வேறு. பெயரில் ஒன்பது இருப்பதால் கலந்துவிடக் கூடாது.

+பி என்று போட்ட தோட்டாக்கள் அழுத்தம் கூடியவை. 9 மி.மீ. லூகருக்கு அமெரிக்கத் தர அளவு சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு, +பிக்கு 38,500. உங்கள் பிஸ்டல் தாங்கும் என்று கையேடு சொன்னால் மட்டும் போடுங்கள், அதையும் அளவோடு, ஏனென்றால் தேய்மானம் கூடும். வீட்டில் மறுபடி நிரப்பிய தோட்டாவைப் போட்டு உடைந்தால் பல கம்பெனிகள் உத்தரவாதம் தருவதில்லை.

முதல் 200 ரவுண்டு போனாதான் "செட்" ஆகும்னு சொல்றாங்க, நிஜமா?

ஓரளவு நிஜம். புது ஸ்பிரிங் கெட்டியாக இருக்கும், உரசும் பரப்புகள் இன்னும் ஒன்றுக்கொன்று பழகியிருக்காது. ஆனால் 200 என்ற எண்ணுக்கு மந்திரம் எதுவும் இல்லை. நான் அதைப் பிஸ்டலுக்கான சோதனைக் காலம் என்று பார்க்கிறேன், அதைவிட முக்கியமாக உங்களுக்கான சோதனைக் காலம். அந்த இருநூறையும் ஒரே நாளில் சுடாதீர்கள். ஐம்பது ஐம்பதாக நான்கு நாளில் சுட்டால் கை சோர்ந்து கெட்ட பழக்கம் ஒட்டாது.

ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேதி, எத்தனை ரவுண்டு, எந்தத் தோட்டா, எந்த மேகசின், எப்போது சிக்கி நின்றது. மேகசின்களின் அடியில் 1, 2 என்று எழுதி வையுங்கள். சிக்கல் எல்லாம் 2-ஆம் எண்ணிலேயே வருகிறது என்றால் பிஸ்டலில் குறையில்லை, அந்த மேகசின்தான். கடைசித் தோட்டா ஏறவே மாட்டேன் என்றால் ஆரம்பத்தில் ஒன்று குறைத்து ஏற்றுங்கள், தவறில்லை.

பெரிய பிஸ்டல்ல நல்லா சுட்டேன், இதுல கை எகிறுதே?

அதே தோட்டா, எடை குறைந்த பிஸ்டல், எகிறத்தான் செய்யும். பிடியில்தான் மருந்து. வலது கையின் கட்டைவிரல் கவட்டை பிடியின் உச்சியில், ஸ்லைடுக்கு நேர் கீழே இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும். கை எவ்வளவு உயரத்தில் பிடிக்கிறதோ அவ்வளவு குறைவாக முனை தூக்கும். பிடியின் இடதுபக்கம் காலியாகத் தெரியும் இடத்தை இடது உள்ளங்கையால் அடைத்து, வலது கையைவிட இடது கையால் இறுக்குங்கள். இரண்டு கட்டைவிரலும் இடதுபக்கம் முன்னோக்கி ஒன்றின் மேல் ஒன்றாக.

இடது கட்டைவிரலை ஸ்லைடுக்குப் பின்னால் குறுக்கே போடாதீர்கள். ஸ்லைடு பின்னால் வரும்போது தோலைக் கிழிக்கும், தையல் போடும் அளவுக்குக்கூட. சுண்டுவிரல் தொங்கினால் அடிப்பாகம் நீண்ட மேகசின் கிடைக்கிறதா என்று பாருங்கள்.

எல்லா குண்டும் கீழ இடதுபக்கமே போகுது. சைட் கோணலா?

வலது கைக்காரராக இருந்தால் சைட்டைத் தொடாதீர்கள். சத்தமும் உதைப்பும் வரப்போகிறது என்று கை முன்கூட்டியே எதிர்பார்த்து, விசை விடும் நொடியில் முனையைக் கீழே அழுத்துகிறது. தனக்கு அப்படி இல்லை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நண்பர் ஒருவரை உங்களுக்குத் தெரியாமல் மேகசினில் நடுவே ஒன்றிரண்டு டம்மி ரவுண்டு கலந்து ஏற்றித் தரச் சொல்லுங்கள். டம்மி வரும்போது வெடிக்காது, ஆனால் முனை குனிவதை உங்கள் கண்ணாலேயே பார்ப்பீர்கள்.

சைட் விஷயத்தில் கணக்கு ஒன்று சொல்கிறேன். காம்பாக்டில் இரண்டு சைட்டுக்கும் நடுவே சுமார் 150 மில்லிமீட்டர். முன் சைட் 1 மில்லிமீட்டர் விலகினால் 10 மீட்டர் தூரத்தில் குண்டு 6½ சென்டிமீட்டருக்கு மேல் விலகும். எனவே கண் முன் சைட்டில் கூர்மையாக நிற்க வேண்டும், குறி கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தால் பரவாயில்லை. ஆரம்பத்தில் 5 மீட்டரில் பழகுங்கள், அங்கே குண்டுகள் ஒரு கைப்பிடி இடத்துக்குள் விழுந்த பிறகு பின்னால் போகலாம்.

நடுவுல நின்னுடுது, காலிக் கூடு மேல செருகிக்குது. பிஸ்டல் பழுதா?

முதலில் மணிக்கட்டைப் பாருங்கள். பிஸ்டலின் உடல் அசையாமல் நின்றால்தான் ஸ்லைடு அதன் மேல் முழுதாகப் பின்னால் ஓட முடியும். மணிக்கட்டு தளர்ந்தால் உடலும் சேர்ந்து பின்னால் வந்துவிடும், ஸ்லைடு பாதியில் திரும்பும், சுட்ட தோட்டாவின் காலிக் கூடு வெளியேறாமல் மாட்டும். எடை குறைந்த காம்பாக்டில் இது இன்னும் சீக்கிரம் வரும். அதே பிஸ்டலை அனுபவமுள்ளவர் சுட்டு ஒருமுறைகூட நிற்கவில்லை என்றால் பதில் கிடைத்துவிட்டது. அவருக்கும் நின்றால் மேகசினையும் தோட்டாவையும் மாற்றிப் பாருங்கள், அதற்கும் கேட்கவில்லை என்றால் கம்பெனிக்கு அனுப்புங்கள். உள்ளே எதையும் நீங்களாக அரம் போட்டுத் தேய்க்க வேண்டாம்.

எந்தச் சிக்கலிலும் முதல் வேலை விரலை வெளியே எடுத்து முனையைக் குறிப்பக்கமே வைத்திருப்பது. விசை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் அப்படியே 30 விநாடி பொறுங்கள், தோட்டாவின் வெடிமருந்து தாமதமாகப் பற்றலாம். அப்புறம் வெளியே எடுங்கள்.

ஒரு ரவுண்டு மட்டும் "பொத்"துன்னு சத்தம் கம்மியா வந்துச்சு. அடுத்தது சுடலாமா?

சுடாதீர்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மனப்பாடம் செய்வதென்றால் இதைச் செய்யுங்கள். மருந்து இல்லாத அல்லது குறைந்த தோட்டாவில் குண்டு குழலின் நடுவிலேயே நின்றிருக்கலாம். அதன் மேல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடித்துக் கையைச் சிதைக்கலாம். மேகசினை எடுத்து, அறையைக் காலி செய்து, கழற்றி, குழலைத் தனியாக எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். அடைத்திருந்தால் அதைத் துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள்.

காதுக்குப் பஞ்சு போதுமா?

போதாது. 140 டெசிபலைத் தாண்டிய ஒரே சத்தம் காதை நிரந்தரமாகக் கெடுக்கலாம், 9 மி.மீ. பிஸ்டல் 150-ஐத் தாண்டும். மூடிய ரேஞ்சில் காதுக்குள் வைக்கும் அடைப்பும் மேலே கவசமும் இரண்டும் போடுங்கள். கண்ணாடியும் கட்டாயம். சுட்டு முடித்ததும் சாப்பிடும் முன் சோப்பும் குளிர்ந்த நீரும் கொண்டு கை, முகம் கழுவுங்கள், ஈயத்தூள் ஒட்டியிருக்கும். அந்தச் சட்டையோடு குழந்தையைத் தூக்காதீர்கள்.

வீட்ல எங்க வைக்கிறது? அலமாரி மேல்தட்டு போதும்தானே?

குழந்தைகள் நாற்காலி போட்டு ஏறுவார்கள். எட்டாத இடம், தெரியாத இடம் இரண்டும் நாம் நினைப்பதுதான். பூட்டிய இரும்புப் பெட்டி, தோட்டா தனியாக வேறு பூட்டில், சாவி உங்களிடம். வீட்டில் யாராவது மனம் உடைந்திருக்கும் காலத்தில் பிஸ்டலை வீட்டுக்கு வெளியே சட்டப்படி பத்திரமாக வைக்க வழி இருந்தால் தயங்காமல் அதைச் செய்யுங்கள்.

தோல் உறைக்குள் மாதக்கணக்கில் வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துத் துரு ஏற்றும். தொட்ட பிறகு விரல் ரேகையின் வியர்வையை எண்ணெய்த் துணியால் துடைத்து வையுங்கள், பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்று போடுங்கள்.

மேகசின்ல தோட்டா ஏத்தியே வச்சா ஸ்பிரிங் தளர்ந்திடுமா?

நல்ல ஸ்பிரிங் அழுந்தி இருப்பதால் மட்டும் பெரிதாகத் தளராது. அழுந்தி விரிந்து, அழுந்தி விரிந்து ஓடுவதால்தான் அதிகம் தேயும். கடைசித் தோட்டாவுக்குப் பிறகு ஸ்லைடு பின்னால் நிற்காமல் போனால், ஸ்பிரிங் மாற்ற நேரம் வந்திருக்கலாம். உதைப்பைத் தாங்கும் ஸ்பிரிங்குக்கு எத்தனை ரவுண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று கையேட்டில் இருக்கும், நோட்டில் எழுதிய எண்ணிக்கை அப்போது உதவும்.

தினமும் அதே தோட்டாவை அறையில ஏத்தி இறக்குறேன், பரவாயில்லையா?

ஒவ்வொரு முறை ஏறும்போதும் அதன் மூக்கு அறையின் வாசலில் இருக்கும் சரிவில் முட்டித்தான் ஏறுகிறது. பலமுறை முட்டினால் குண்டு கூட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கும். உள்ளே இடம் குறைந்தால் வெடிக்கும்போது அழுத்தம் ஏறும், ஆபத்தான அளவுக்கும் ஏறலாம்.

அந்தத் தோட்டாவை எடுத்து, அதே பெட்டியில் இருக்கும் தொடாத ஒன்றோடு சமதளத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். கண்ணுக்கே குட்டையாகத் தெரிந்தால் அதைச் சுடாதீர்கள், ரேஞ்சில் கெட்ட தோட்டாக்களுக்கென்று வைத்திருக்கும் டப்பாவில் கொடுத்துவிடுங்கள். சமமாக இருந்தாலும் ஒரே தோட்டாவைத் திரும்பத் திரும்ப ஏற்றாமல் மேகசினில் இருப்பவற்றை மாற்றி மாற்றி மேலே வையுங்கள், சில முறை ஏறி இறங்கியதை அடுத்த பயிற்சி நாளில் முதலில் சுட்டுத் தீர்த்துவிடுங்கள்.